அப்பாவின் தலைவர்

‘மிஷன் இம்பாசிபிள்’ 1966-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 1996-இல் திரைப்படமானது.

எனக்குப் பத்து வயதில் அப்பாவோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். டாம் குரூஸ் கயிற்றில் தொங்குவார். ஒரு துளி வியர்வை தரையில் விழுந்தாலும் அபாய மணி அடிக்கும்! நான் மூச்சே விடவில்லை.

படம் முடிந்ததும் அப்பாவின் முகம் வாடியிருந்தது. “பழைய தொடர்ல ஜிம் பெல்ப்ஸ் எவ்வளவு நல்ல தலைவர் தெரியுமா? இதுல அவரையே துரோகி ஆக்கிட்டாங்களே!” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அப்பா பேசாமல் எழுந்து போனார்.

மறுநாள், “அந்தத் தலைவர் என்னென்ன செய்வார், அப்பா?” என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் கதை சொன்னார். படத்தைவிட அது நல்லா இருந்தது!

உங்கள் அப்பா, அம்மாவுக்குப் பிடித்த பழைய தொடர் எது? கேட்டுப் பாருங்க. ஆனா, சிரிக்காதீங்க!