அசையாத முள்

சீருந்தின் முகப்பில் கூடுதலாக மூன்று வட்ட மானிகளைப் பொருத்திக்கொண்டு போகும் இளைஞர்களைக் கண்டால் நம்மவர்களில் மூத்தோர் முகம் சுளிப்பது வழக்கம். காதில் கடுக்கன், பின்னால் பருத்த புகைக்குழாய் என்னும் வரிசையில் அதனையும் ஓர் ஆடம்பரமாகச் சேர்த்துவிடுகின்றனர். இருட்டில் நீலமும் சிவப்புமாய் மின்னும் அவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆயினும் புகைக்குழாயையும் மானியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. புகைக்குழாய் ஊராருக்காக ஒலிப்பது. மானியோ ஓட்டுகிறவனைத் தவிர வேறு எவருக்கும் பயன்படாதது.

என் அக்காள் மகன் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணியாளன். அவனிடம் ஒரு கஞ்சில் வண்டி உண்டு. 1994 ஆம் ஆண்டில் வெளிவந்து 2009 வரை உற்பத்தி செய்யப்பட்ட அச்சிறு வண்டியை அறியாத மலேசியர் இரார். எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் பலருக்கு அதுவே முதல் வாகனம். ஜப்பானியத் தைஹாட்சு மிராவின் உடன்பிறப்பு அது. ஆதலால், அந்நாட்டிலிருந்து பாதியாக அறுக்கப்பட்டுக் கப்பலேறி வரும் பழைய மிராக்களின் டர்போ இயந்திரத்தை அதில் ஏற்றிக்கொள்வோர் இங்கு உண்டு. ‘ஹாஃப்கட்’ என்று சொன்னால் எந்தப் போமனுக்கும் விளங்கும். மாற்றிய இயந்திரத்தின் எண்ணைப் போக்குவரத்து இலாகாவில் முறையாகப் பதிந்திருக்கிறானா என்பதையே நான் முதலில் கேட்டேன். தலைமையாசிரியர் புத்தி அப்படி. பதிந்திருந்தான்.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை இயந்திரத்துக்குள் அழுத்தித் திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகும், விசையும் மிகும், கூடவே வெப்பமும் மிகும். வீட்டில் நால்வருக்கு உலை வைத்த அடுப்பில் நாற்பது பேருக்குச் சமைப்பது போன்ற காரியம். அதனால்தான் மூன்று மானிகள் வேண்டியிருக்கின்றன: காற்றழுத்தத்துக்கு ஒன்று, எண்ணெய் அழுத்தத்துக்கு ஒன்று, நீரின் வெப்பத்துக்கு ஒன்று.

‘தொழிற்சாலையே மானி வைத்துத்தானே தருகிறது?’ என்று வாசகர் கேட்கலாம். இன்றைய சீருந்துகள் பலவற்றில் வெப்பத்தைக் காட்டும் முள், இயந்திரம் சூடேறியதும் நடுவில் வந்து நின்றுகொள்கிறது. அதன்பின் வெப்பம் பத்துப் பதினைந்து பாகை ஏறினாலும் இறங்கினாலும் அசைவதில்லை. அசைந்தால் வாங்கியவர் அஞ்சிப் பட்டறைக்கு ஓடிவருவார் என்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். எண்ணெய்க்கோ மானியே இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3 அல்லது 0.5 பாருக்கு வீழ்ந்த பிறகே அது எரியும. நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும் இயந்திரம் அந்த நிலைக்கு வருவதற்குள் அதன் தாங்கிகள் தேய்ந்து கெட்டிருக்கும். இது செய்தி அன்று, இரங்கற்பா.

ஆகவே என் அக்காள் மகன் ஒரு பட்டறையில் பணம் கொடுத்து மூன்று மானிகளையும் பொருத்திக்கொண்டான். அது வரை எல்லாம் சரியே.

பள்ளி விடுமுறை ஒன்றின்போது நண்பர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு குருணிலிருந்து ஜெராய் மலைக்குச் சென்றான். 1,217 மீட்டர் உயரமுள்ள மலை. வளைந்து வளைந்து ஏறும் குறுகிய பாதை. பாதி வழியில் முன்மூடியின் இடுக்கிலிருந்து நீராவி பீறிட்டது. இழுவை வண்டி வந்து இறக்கியது. தலைப்பகுதியின் கேஸ்கெட் எரிந்து, அலுமினியத் தலையும் வளைந்துபோயிருந்தது. பழுதுபார்க்க அவனுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் செலவாயிற்று.

செலவைவிடப் பெரிய துன்பம் வீட்டில் காத்திருந்தது. மலைப்பாதையில் எவனுடனோ பந்தயம் விட்டிருக்கிறான், அதை மறைக்கிறான் என்று அக்காள் நம்பிவிட்டார். பட்டறைக்காரரும், “சூடு ஏறுறதைப் பார்க்காம மிதிச்சிருக்கான்” என்று சொல்லியிருந்தார். என்னிடம் தொலைபேசியில், “தம்பி, நீ கேட்டாலாவது உண்மையைச் சொல்வான். எனக்குப் பொய் சொல்ற பிள்ளையா ஆயிட்டான்” என்று அழுதார்.

அவன் என்னிடம் சொன்னது ஒன்றே. “மாமா, நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் ஏறினேன். ஆவி வந்தப்பகூட அது எண்பத்தெட்டுதான் காட்டுச்சு.”

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வருகிறேன். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால், ‘தோன்றியது’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் வாதாட இயலாது. மானி 88 காட்ட, நீர் கொதித்தது எப்படி என்று கண்டாக வேண்டும்.

இங்கே என் தந்தையாரைப் பற்றி ஒரு சொல். அவர் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். பழக்குலைகளை மூன்று பார் அளவு நீராவியில் வேகவைக்கும் ஆலை அது. வேலை மாறும் நேரத்தில் அவர் முதலில் செய்வது, கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வடிகுழாயைத் திறந்து விடுவதுதான். நீர் சீறிக்கொண்டு வெளியேறும்; மூடியதும் விரைந்து பழைய மட்டத்துக்கு ஏறவேண்டும். ஏறாவிட்டால் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். அடைத்த குழாயில் நீர் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்ப்பவன் கலனில் நீர் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வான். அழுத்தமானியைப் படிக்குமுன் அதன் கண்ணாடியை நகத்தால் தட்டவும் தட்டுவார். படிப்பறிவு அவருக்கு மூன்றாம் வகுப்பு வரைதான்.

அடுத்த சனிக்கிழமை காலை அக்காள் வீட்டுக் கார்க்கொட்டகையில் இருவரும் அமர்ந்தோம். பத்து மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு ஒயர்களைத் தொடர்ந்து போனோம். வெப்ப உணரி, ரேடியேட்டரின் மேற்குழாயை வெட்டி இடையில் செருகிய ஓர் அலுமினியத் துண்டில் இருந்தது. இரு பக்கமும் ரப்பர். ரப்பரின் வழியே மின்சாரம் திரும்பாது. ஆதலால் அத்துண்டுக்குத் தனியே ஓர் எர்த் ஒயர் வேண்டும். பட்டறையில் அதைப் போட்டுத்தான் இருந்தனர். ஆனால் அதன் மறுமுனையை முன்புறத் தகட்டில், சாயம் பூசிய இடத்தில், துருப்பிடித்த ஒரு திருகாணியில் முடுக்கியிருந்தனர். எண்ணெய் அழுத்த உணரியின் எர்த் ஒயரும் அதே திருகாணியில்தான். மல்டிமீட்டரை வைத்தேன். அரை ஓம்கூட இருக்கக்கூடாத இடத்தில் அது முப்பதைச் சுற்றி ஊசலாடியது.

முப்பது ஓம் என்ன செய்துவிடும்? பழைய பயிற்சிப்புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் வாங்கியிருந்த வகை உணரியில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். 80 பாகையில் ஏறக்குறைய 69 ஓம். 100 பாகையில் 38. 120 பாகையில் 22. மானி, வெப்பத்தை அறியாது. தடையை மட்டுமே அறியும். 100 பாகையில் இருக்கும் உணரியின் 38 ஓமோடு துருவின் 31 ஓமும் சேர்ந்தால் 69. மானி ‘80’ என்று சாதுவாகச் சொல்லும். 120 பாகையில், அதாவது அழுத்தமூடி போட்ட ரேடியேட்டரிலும் நீர் கொதிக்கும் கட்டத்தில், 22 உடன் 31 சேர்ந்து 53. அதற்குரிய வெப்பம் ஏறக்குறைய 89.

அவன் பென்சிலை வாங்கித் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தான். “எண்பத்தெட்டு” என்றான், மெதுவாக.

எண்ணெயின் கணக்கு இன்னும் கொடிது. அவ்வுணரி எதிர்மாறானது, அழுத்தம் ஏற ஏறத் தடையும் ஏறும். பூஜ்யத்தில் 10 ஓம், ஐந்து பாரில் ஏறக்குறைய 180. அங்கே 31 ஓம் கூடினால் இல்லாத அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் தோன்றும். சூடான இயந்திரம் நின்ற இடத்தில் ஓடும்போது காட்டவேண்டிய நல்ல அளவே அதுதான்! எண்ணெய் ஒரு துளி இல்லாவிட்டாலும் அந்த மானி ‘நலம்’ என்றே சொல்லியிருக்கும். ஆக, ஒரு துரு, ஒன்றில் கூட்டியும் மற்றொன்றில் குறைத்தும், இரண்டிலும் ஓட்டுநருக்கு ஆறுதலான பக்கமாகவே பொய் சொல்லியிருக்கிறது. எல்லா உணரிகளும் இப்படியல்ல. அமெரிக்க வகை அழுத்த உணரிகள் சிலவற்றில் பூஜ்யத்தில் 240 ஓம், முழு அழுத்தத்தில் 33. அங்கே கெட்ட இணைப்பு கெட்ட சேதியையே தரும், மனிதன் பதறிப்போய்ப் பார்ப்பான். உணரிக்கென இரண்டாவது ஒயரைத் தாமே கொண்டுவரும் மானிகளில் இத்தொல்லையே இல்லை, விலைதான் அதிகம்.

அக்காளுக்கு ஓம் கணக்கு விளங்காது. எனவே ஒரு சோதனை செய்தோம். எரிவாயு அடுப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, கொதிக்கும் நீரில் உணரியைத் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. பால்குண்டானைத் தர மறுத்து, ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொடுத்தார். பேட்டரியை மீண்டும் இணைத்து, உணரியின் உடலிலிருந்து ஓர் ஒயரை அந்தத் துருப்பிடித்த திருகாணிக்கே முதலில் கொண்டுபோனோம். சட்டியில் நீர் தளதளவென்று கொதிக்கிறது. “அக்கா, உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் படிங்க” என்றேன்.

“எண்பது” என்றார்.

ஒயரை எடுத்து நேரே பேட்டரியின் எதிர்முனையில் வைத்தேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “நூறு... நூறுகிட்ட வந்திருச்சு” என்றார். வண்டியிலிருந்து இறங்கிவந்து, கொதிக்கும் சட்டியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னொரு தடவை அந்தப் பழைய இடத்துல வை” என்றார். வைத்தேன். மறுபடி ஓடிப்போய் அமர்ந்து பார்த்தார். இந்த முறை எண்ணைச் சொல்லவில்லை. மகனை அழைத்து, “ஏன்டா அப்பவே மாமாகிட்டச் சொல்லல?” என்றார். அவன் அப்போதே எல்லாரிடமும் சொன்னவன்தான். அதை எடுத்துக் கூறாமல் சிரித்துக்கொண்டு நின்றது அவனுடைய பெருந்தன்மை.

மீதி நாள் வயரிங் வேலை. பெரும்பாலான மின்மானிகளுக்கு நான்கு ஒயர் வேண்டும்: பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம், சாவி திருப்பினால் வருவது, முன்விளக்கு போட்டால் வருவது, எர்த். நிறத்தை நம்பலாகாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஒவ்வொன்றையும் இணைத்தோம். பட்டறையில் பயன்படுத்தியிருந்த நீலப் பிளாஸ்டிக் கவ்விகள் ஒயரின் பாதி இழைகளை அறுத்திருந்தன. அவற்றை எடுத்தெறிந்து, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டினோம். மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே ஒரு சிறு ஃபியூஸ். இயந்திர அறையிலிருந்து உள்ளே வரும் துளைக்கு ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை மெல்ல மெல்ல அரம்போல் அராவிவிடும். கார்கள் தீப்பற்றுவதற்கு இப்படிப்பட்ட துளை ஒன்று போதும். எர்த் ஒயர்கள் இரண்டையும் இயந்திரத்தின் உடலிலேயே, உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, முடுக்கினோம்.

எண்ணெய் உணரியின் மரையையும் சரிபார்த்தோம். ஜப்பானிய இயந்திரத்தில் அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க உணரியில் 27. இரண்டும் முதல் இரண்டு மூன்று சுற்று நண்பர்களைப்போல் சேர்ந்து போகும். பிறகு கசியும், அல்லது உறை வெடிக்கும். அது மட்டும் சரியாகவே இருந்தது. அந்தப் போமனுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடுவோம்.

இரண்டு வாரம் கழித்து அவன் என்னை அழைத்துக்கொண்டு மறுபடி ஜெராய் ஏறினான். முள் 82 இல் தொடங்கி, வளைவுக்கு வளைவு ஏறி, 96 ஐத் தொட்டது. “மாமா, இது இவ்வளவு ஆடுதே, பயமா இருக்கு” என்றான். காலைத் தளர்த்தச் சொன்னேன். முள் 91 க்கு இறங்கியது. முன்பும் இதே மலையில் இப்படித்தான் ஆடியிருக்கும், காட்டத்தான் ஆளில்லை. மேலே ஏறியதும், ரேடியேட்டரை மாற்றிப் பெரிதாகப் போடவேண்டும் என்று அவனாகவே சொன்னான்.

வீடு திரும்பியதும் ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டினோம். எந்த ஒயர் எங்கே போகிறது, எர்த் எந்தத் திருகாணியில் என்று தமிழில் எழுதினேன். அடுத்து இதைத் திறக்கிற போமன் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் என்ன செய்வது என்று அக்காள் கேட்டார். கீழே மலாயிலும் எழுதிவைத்தோம்.