பூட்டிய பெட்டி

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அரூரில் நம் இல்லத்திற்கு ஒரு தகப்பனார் வந்தார். நம்மிடம் ஓதிய அவருடைய மகன், பட்டம் பெற்றபின் நூலக அறிவியல் பயில விழைகின்றானாம். "புத்தகத்திற்குத் தூசி தட்டவா இத்தனை படிப்பு? ஹஜ்ரத் அவர்கள்தாம் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். நாமும் இசைந்தோம்.

பிள்ளை வந்தான். பேச்சைத் தொடங்குமுன் அவனுக்குக் காட்டலாமென்று, நம் பாட்டனார் அரபுத் தமிழில் கைப்பட எழுதிய கிதாபைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். திறந்ததும் தாள்கள் உதிர்ந்தன. பாதியைக் கரையான் அரித்திருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பூட்டி வைத்ததையே பாதுகாப்பென்று எண்ணியிருந்தோம். சொல்ல வந்த புத்தி நம் நாவிலேயே நின்றுவிட்டது.

"இனிப் புரட்டாதீர்கள், ஹஜ்ரத். எஞ்சியதைப் படமெடுத்துவிடலாம்" என்றான் அவன்.

அவன் வாயிலாக அறிந்தவை பல. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. எனினும் அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. அந்நூல்கள் நுண்படச் சுருளிலும், பின்னர்க் கணினியிலும் பதிவாகி வருகின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்கோ அப்பேறு வாய்க்கவில்லை. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஈழத்து நூல்களை இணையத்தில் சேமிக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல்தான் தொடங்கிற்று.

"கணினியில் ஏற்றிவிட்டால் போதுமோ?" என்றோம்.

"போதாது. கருவியும் பழுதாகும், கோப்பின் வடிவமும் வழக்கொழியும். ஆகவே படிகளை வெவ்வேறு ஊர்களில் வைப்பார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டுக் குறித்து, அவ்வப்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். ஓரெழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்."

நமக்கு வியப்பு மேலிட்டது. படியெடுத்ததை மூலத்தோடு வாசித்து ஒப்பிடும் முகாபலாவன்றோ இது! உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் படிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பியதும் நினைவில் எழுந்தது.

தகப்பனாரிடம், "இது தூசி தட்டும் தொழிலன்று, அமானிதம் காக்கும் தொழில். தடுக்காதீர்" என்றோம். "சம்பளம் என்ன வரும்?" என்றார். "குறைவாகவே தொடங்கலாம்" என்று உள்ளதைச் சொன்னோம். அரை மனத்தோடு இசைந்தார்.

பாட்டனாரின் கிதாபில் நாற்பது பக்கங்களே தேறின. அவற்றின் படிகள் இன்று மூன்று வீடுகளில் உள்ளன. அன்பர்களே, உங்கள் பரண்மீதும் ஒரு பெட்டி இருக்கும். அதனைப் பூட்டியே வைத்திராதீர்கள், திறந்து பாருங்கள்.