அரியரும் ஆயாவின் தோட்டமும்

அரியர் என்ற சொல்லுக்கு நம் நெய்வேலியில் இரண்டு அர்த்தம் உண்டு. சம்பள ஒப்பந்தம் போட்டால் தொழிலாளிகளுக்கு வருவது ஒரு அரியர். அது வந்தால் வீட்டுக்கு டி.வி. வரும், பீரோ வரும். தேர்வு முடிவு வந்தால் நமக்கு வருவது இன்னொரு அரியர். அது வந்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்!

மூன்றாவது செமஸ்டரில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, “எவ்வளவுடா வரும்?” என்று கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே கேட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மற்றவர்கள் வாங்கும் அரியர்தான் தெரியும். ஃபெயில் என்று விளக்கியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “படிச்சவன் நீ. உனக்கே புரியலன்னா எங்களுக்கு என்னா தெரியப்போவுது?” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஏப்ரலில் மறுபடி எழுதினேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கொட்டினேன். கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள், கை நின்றுவிட்டது. ரிசல்ட் வருவதற்கு முன்பே ரிசல்ட் எனக்குத் தெரிந்துவிட்டது. லீவில் ஒருநாள் ராத்திரி அப்பா அம்மாவிடம், “மேஸ்திரிகிட்ட இவனப் பத்திச் சொல்லி வைக்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. விடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஆயா குடத்தோடு நின்றுகொண்டிருந்தது.

தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மந்தாரக்குப்பம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து சென்ட் செம்மண் பூமிதான். கத்தரி, வெண்டை, கொத்தவரை, தக்காளி தலா ஒரு பாத்தி. ஒரு பாகல் பந்தல், இரண்டு பப்பாளி, ஒரு எலுமிச்சைக் கன்று. மூலையில் ஒரு பலா மரம். காய்களை அம்மா கூடையில் எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய் விற்றுவிட்டு வரும். என்னுடைய தேர்வுக் கட்டணம் அந்தக் கூடையிலிருந்து வந்ததுதான்.

அது அக்கினி நட்சத்திர சமயம். கோடை மழை ஏமாற்றிவிட்டது. தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வீட்டுச் செலவு போகத் தோட்டத்துக்குப் பத்துக் குடம் மிஞ்சும். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 150 லிட்டர். அதில் ஐந்து சென்ட்டையும் காப்பாற்ற வேண்டும்!

முதல் நாளே என் படிப்பைக் காட்டினேன். உச்சி வெயிலில் தக்காளி துவண்டு நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மூன்று குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். ஆயா ஓடி வந்தது. “வேரு எங்க இருக்குதோ அங்க ஊத்துடா. எலைக்கு ஊத்தி என்னா பண்ணப்போற? வெயிலு குடிச்சிட்டுப் போயிடும்.” சொன்னபடியே ஆயிற்று. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் மேல் மண் புழுதியாக இருந்தது.

மறுநாள் ஆயா ஒரு முடிவு எடுத்தது. தக்காளி எப்படியும் பூவை உதிர்க்கிறது, அதற்கு இனித் தண்ணீர் கிடையாது. வெண்டையில் செம்பேன் விழுந்த செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். கத்தரியும் கொத்தவரையும் வெயில் தாங்கும், அவற்றுக்கு உண்டு. பப்பாளிக்கும் எலுமிச்சைக்கும் கட்டாயம் உண்டு. அவை போனால் வருஷக்கணக்கில் பாடுபட்டது போகும். பலா மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பச்சையாக இருந்த தக்காளிச் செடியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. “எல்லாத்துக்கும் ஊத்துனா எதுவும் பொழைக்காதுடா” என்றது ஆயா.

பிறகு பலா இலைச் சருகைக் கூட்டி அள்ளி, பாத்தியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினோம். தண்ணீர் ஊற்றுவது விடியற்காலையில் மட்டும். பரணில் கிடந்த பழைய மண் பானைகளைப் பப்பாளி, எலுமிச்சை, பாகல் பக்கத்தில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி, தட்டைப் போட்டு மூடியது ஆயா. “ஓட்டை போடலயா ஆயா?” என்றேன். “எதுக்கு? மண்ணு தனக்கு வேணுங்கறத தானே இழுத்துக்கும்.”

எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் ஒரு குச்சியை விட்டு அளந்து, நோட்டில் எழுதி வைத்தேன். மண் காய்ந்து கிடந்த இடத்தில் பானை வேகமாக இறங்கியது. சுற்றிலும் ஈரமான பிறகு, அதே பானை மெதுவாக இறங்கியது. ஒரு வாரம் அளந்த பிறகுதான் உறைத்தது. தண்ணீர் சும்மா ஓடுவதில்லை. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால்தான் ஓடுகிறது. வித்தியாசம் குறைந்தால் ஓட்டமும் குறைகிறது. இதைத்தானே நான் இரண்டு தடவை மனப்பாடம் செய்து, இரண்டு தடவை கோட்டை விட்டேன்!

அன்றைக்கே புத்தகத்தைத் தோட்டத்துக்கு எடுத்து வந்தேன். பலா நிழலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நம் ஊரே ஒரு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டபோதுதான் கறுப்பாக நிலக்கரி வெளியே வந்தது. 1956இல் நிறுவனம் பிறந்தது. ஆனால் அந்தப் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று கணக்கு. அப்படியானால் 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீரின் பலம்! சும்மா விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். அதனால்தான் பம்ப் வைத்து இராப்பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்த பிறகு நிலக்கரியை வெட்டுகிறார்கள். கீழே அத்தனை தண்ணீர். மேலே எங்கள் பப்பாளிக்கு ஒரு பானை. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு மழை வந்தது. அதற்குள் தக்காளிப் பாத்தி முழுவதும் போய்விட்டது. வெண்டையில் பாதி போய்விட்டது. பாகலில் சுமாரான காய்ப்பு. கத்தரியும் கொத்தவரையும் பிழைத்தன. பப்பாளி இரண்டும் பிஞ்சோடு நின்றன. அம்மாவின் கூடை பாதிதான் நிறைந்தது. ஆனாலும் ஒருநாள்கூட வெறுங்கூடையாகப் போகவில்லை. நான் எதிர்பார்த்த ரிசல்ட்டும் அந்த மாதமே வந்தது. ஃபெயில்தான். இந்த முறை நானே அப்பாவிடம் போய், “அக்டோபர் வரைக்கும் டைம் குடுங்கப்பா” என்றேன். அப்பா மேஸ்திரியைப் பார்க்கப் போகவில்லை.

அக்டோபரில் கணக்கை மாற்றித்தான் கேட்டார்கள். பானையை நினைத்துக்கொண்டேன், கை நிற்கவில்லை. 40 எடுத்தால் பாஸ், நான் 53 எடுத்தேன். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் அதில் ஒன்றுகூட மனப்பாடம் இல்லை.

நண்பர்களே, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி நாம் படிக்கும் படிப்பு, உச்சி வெயிலில் இலைக்கு ஊற்றும் தண்ணீர் மாதிரி. விடிந்தால் இருக்காது. கொஞ்சமாக ஊற்றினாலும் வேரில் ஊற்றுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

ரிசல்ட் பார்த்துவிட்டு வந்து, “அப்பா, அரியர் போயிடுச்சு” என்றேன். அப்பா ஆயாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டார்:

“போனா நல்லதுதானேடா?”

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு