ஏற்காடு இறக்கத்தில் கை மரத்துப்போகுதா? ஃபோர்க்கையும் ஒருமுறை பாருங்க!

1/ சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் மிதித்து ஏறி, மேலே காபித் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டும் மக்களுக்கு இந்த இழை.

2/ "சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது டாக்டர்."
உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமா போவது அல்னார் நரம்பு. ஹேண்டில்பார் அங்கே மணிக்கணக்கில் அழுத்தி அதிர்ந்தால் வருவது இது. பேரே 'ஹேண்டில்பார் பால்சி'தான். உட்காரும் விதம், கைப்பிடி, கையுறை எல்லாம் காரணமாகலாம். பலரும் கவனிக்காத ஒன்று, முன் ஃபோர்க்கின் ரீபவுண்ட்.

3/ அப்படின்னா? ஏசி அறைக் கதவு தானா மெதுவா சாத்திக்குமே, அதே வித்தை. ஸ்பிரிங் தள்ளும், ஆயில் சின்னத் துளை வழியா போய் வேகத்தைக் குறைக்கும். ஆயில் போச்சுன்னா கதவு படார்னு அறையும். கல்லில் ஏறி அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்துக்கான பிரேக்தான் ரீபவுண்ட் டேம்பிங்.

4/ ரொம்ப வேகமா எழுந்தால்: சக்கரம் பந்து மாதிரி துள்ளும், கையை உதைக்கும், வளைவில் பிடிப்பு போகும்.
ரொம்ப மெதுவா எழுந்தால்: அடுத்த கல் வருவதற்குள் ஃபோர்க் எழாது. அமுங்கி அமுங்கி, கடைசியில் கட்டை மாதிரி இறுகிடும்.

5/ கவனிங்க, ரெண்டிலும் வலிப்பது கைதான்! 'ஃபோர்க் இறுக்கமா இருக்கு' என்று பலர் காற்றை இறக்கிவிடுவார்கள். காரணம் மெதுவான ரீபவுண்டாக இருந்தால் இது இன்னும் மோசமாக்கும். நோய் தெரியாம மருந்து கொடுத்த கதை.

6/ சரியான வரிசை:
✅ முதலில் காற்று. வழக்கமான பையோடு பெடலில் நின்றால் ஃபோர்க் சுமார் 20% அமுங்கணும். 120 மி.மீ. ஃபோர்க் என்றால் 24 மி.மீ.
✅ பிறகு ரீபவுண்ட். பெரும்பாலும் வலது காலின் அடியில் சிவப்புத் திருகு. முயல் படம் வேகம், ஆமை படம் மெது.
✅ ஆமைப் பக்கம் முழுசா மூடி, கிளிக்கை எண்ணிக்கொண்டே பாதிவரை திறங்க. எண்ணை போனில் குறிச்சு வைங்க.
✅ ஹேண்டில்பாரை அமுக்கி விடுங்க. சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வேகம் அதிகம்.
✅ ஒரே பாதைத் துண்டில், ஒவ்வொரு கிளிக்கா மாற்றி ஓட்டுங்க.

7/ கடைசி சரிபார்ப்பு மலை மேலேயே இருக்கட்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காலைக் குளிரில் ஆயில் கெட்டியாகும், ஃபோர்க் கொஞ்சம் மெதுவாகும்.

8/ திருகைக் கோடிக்குக் கோடி திருப்பியும் வித்தியாசமே இல்லையா? 'சளக் சளக்' சத்தம், எழும்போது 'டக்' என்ற இடி, கால்களில் ஆயில் கசிவு? அது டேம்பர் கோளாறாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் போங்க. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளுக்குப் பொதுவா 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு சின்ன சர்வீஸ் சொல்வார்கள்.

9/ விலை குறைந்த பல சைக்கிளில் இந்தத் திருகே கிடையாது. மேலே + − போட்டிருப்பது ஸ்பிரிங் இறுக்கம், ரீபவுண்ட் இல்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வைத்தியம்.

10/ இறங்கிச் சில நாள் ஆகியும் மரப்பு போகலையா? பட்டன் போட, சாவி திருக விரல் ஒத்துழைக்கலையா? இனி திருகைத் தொட வேண்டாம். சைக்கிளை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க. ஃபோர்க்குக்கு உதிரிபாகம் கிடைக்கும் மக்களே, நரம்புக்குக் கிடைக்காது. 🙏