"பார்க்க நல்லாத்தானே இருக்கு!"

முகையூர் வீட்டில், மாடி அறைப் பரணிலிருந்து பழைய வால்வு ரேடியோவை மகன் இறக்கியதுமே அப்பா அவசரப்பட்டார். "பிளக்கைச் சொருகுடா. பார்க்க நல்லாத்தானே இருக்கு!"

1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியையும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியையும் அவர் கேட்டு வளர்ந்த பெட்டி அது. மகன் மறுத்துவிட்டான். பல வருடம் தூங்கிய ரேடியோவுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால், பழைய கெபாசிட்டர் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடலாம். அது போனால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

ஒவ்வொன்றாகச் சோதித்தான். வண்ணக் கோடுகளின்படி 100 கிலோ ஓம் இருக்கவேண்டிய ரெசிஸ்டர், மீட்டரில் 150 காட்டியது. வயதாக ஆக அதன் மதிப்பு ஏறிவிடும். ஃபில்டர் கெபாசிட்டர் உள்ளே உலர்ந்துபோயிருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்ததை வைத்து இரண்டையும் மாற்றினான்.

ஏமாற்றப் பார்த்தது, ஸ்பீக்கரை இயக்கும் வால்வுக்கு முன்னால் இருந்த மெழுகு பூசிய சின்னக் கெபாசிட்டர்தான். மீட்டரில் சரியான அளவையே காட்டியது.

"அதான் நல்லா இருக்கே, விடுடா."

மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். ரேடியோ ஓடும்போது அந்தக் கெபாசிட்டர் தாங்க வேண்டியதோ 200 வோல்ட்டுக்குப் பக்கம். வால்வுப் பக்கத்துக் காலை மட்டும் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தான். கழற்றிய காலில் ஏறக்குறைய பூஜ்யம் இருக்கவேண்டும். மீட்டர் 22 வோல்ட் காட்டியது. கசிவு! அப்படியே ஓடவிட்டிருந்தால் வால்வு சூடேறி, டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

(ஸ்விட்சை அணைத்த பிறகும் வால்வு ரேடியோவுக்குள் ஷாக் அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.)

"சும்மா இருக்கறப்போ நல்லாத்தான் இருக்குப்பா. வேலை கொடுத்தாத்தான் வண்டவாளம் தெரியுது" என்றான் மகன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் படி ஏறினா நெஞ்சை அடைக்குதுடா. உட்கார்ந்தா சரியாயிடுது. அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

மகன் சால்டரிங் அயர்னைப் பிடுங்கி வைத்தான். அன்றைக்கே இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள்.

அந்தச் சின்னக் கெபாசிட்டரை அவன் மாற்றியது அடுத்த வாரம்தான். ரேடியோ கரகரத்து, பிறகு தெளிவாகப் பேசியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். கட்டில் இப்போது கீழ் வீட்டில் இருக்கிறது.