பழைய எண்ணூறுக்குப் புதிய பிரேக்

10 டிசம்பர் 2023, ஞாயிறு. மந்தைவெளி

மிக்ஜாம் புயல் 4-ஆம் தேதி ஊரை மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் காரின் சக்கரம் பாதி மறையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எஞ்சினுக்குள் போகவில்லை. இன்று சாவி போட்டதும் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் உடனே கிளம்பிவிட்டது. ஆனால் வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் பின் சக்கரங்கள் இரண்டும் இறுகிக் கிடந்தன. கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்த பிறகுதான் 'டக்'கென்று விட்டன. டிரம்முக்குள் புகுந்த நீரில் துரு ஏறி, லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்பா வாங்கிய 1996 மாடல் மாருதி 800 இது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் காலுக்கு உதவும் பூஸ்டர் கிடையாது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகும் முழுக் காலையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பழகிய கனம் இது. ஆனால் மகளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து அடையாறுக்கு அவள்தான் ஓட்டப்போகிறாள்.

பிரேக்கை முழுவதும் புதுப்பிக்காமல் இந்த வண்டி இனி ரோட்டுக்கு வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கச்சேரிக்கு ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றாள்.

14 டிசம்பர் 2023, வியாழன்

இன்றோடு மாருதி 800-க்கு நாற்பது வயது. 1983-ஆம் ஆண்டு இதே நாளில்தான் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்துவிட்டன. இன்றும் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் இருப்பதில்லை. இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பாட்டு சிஸ்டம் மாற்றுகிறார்கள், சீட் கவர் மாற்றுகிறார்கள். பிரேக் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

எதை மேம்படுத்த முடியும் என்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெரிய டிஸ்க் போடலாமா? இந்த வண்டிக்கு 145/70 ஆர்12 டயர், பன்னிரண்டு அங்குல ரிம். அதற்குள் காலிப்பரும் அடங்க வேண்டும் என்றால் டிஸ்க் வளர இடமே இல்லை. ரிம்மையும் மாற்றினால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றின் கணக்கும் மாறும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதினைந்து ஆண்டு தாண்டிய கார் என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. பரிசோதனையும் உண்டு.

கடைசியில் பட்டியல் இப்படி நின்றது: புதிய டிஸ்க், பேட், பின் ஷூ, வீல் சிலிண்டர், நான்கு ரப்பர் ஹோஸ், டாட் 4 பிரேக் ஆயில். இவற்றோடு, பின்னாளைய 800-களில் கம்பெனியே வைத்த பூஸ்டர்.

16 டிசம்பர் 2023, சனி

காலையில் ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைக்குப் போனேன். புதுப்பேட்டைக்குப் போனால் கழற்றிய பூஸ்டர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்றால் நானே புதுப்பேட்டைக்குத்தான் போவேன். பிரேக் சாமான் அப்படியல்ல. கழற்றிய பூஸ்டருக்குள் டயஃப்ரம் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கடைக்காரர் இரண்டு பேட் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று அட்டைப்பெட்டியில் எழுத்துக்கூட ஒழுங்காக அச்சாகாத லோக்கல் சாமான். இன்னொன்று சென்னையிலேயே பிறந்தது. நாட்டின் பிரேக்குக்கு இந்த ஊர்தான் தாய்வீடு என்பதை நம் ஊர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான். ராணே பிரேக் லைனிங் 1964-இல் தொடங்கியது, அம்பத்தூரில் இயங்குகிறது. லாரி, பஸ், ரயில் எல்லாவற்றையும் நிறுத்தும் சாமான் இந்தப் பக்கத்துத் தொழிலாளர் கையில் உருவாகிறது. அந்தக் கைகளை நம்பி நல்ல பெட்டியையே வாங்கினேன். கல்நார் கலக்காத லைனிங் என்று பெட்டியில் போட்டிருந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

17 டிசம்பர் 2023, ஞாயிறு

மார்கழி முதல் நாள். விடியும் முன்பே தெருவில் கோலம். கோலத்துப் பூக்களை ஓரமாக விட்டுக் காரை அபார்ட்மெண்ட் உள்ளேயே சமதளத்தில் நிறுத்தினேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கால் தூக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டின் மேல் இறக்கினேன். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது.

முன் சக்கரங்கள் இன்றைய வேலை. பழைய டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகம் தட்டும் வரம்பு. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்தேன், எல்லைக்கும் கீழே இறங்கிவிட்டது. காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டினேன். தொங்கினால் ரப்பர் உள்ளே கிழியும். வெளியே எதுவும் தெரியாது.

கோளாறின் ஒரு வேர் இங்கே கிடைத்தது. காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்கள் இரண்டில் ஒன்று துருவில் இறுகியிருந்தது. அதனால் ஒரு பக்கப் பேட் தேய்ந்து தகடாகி, மறுபக்கம் அப்படியே இருந்தது. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ் வைத்தேன். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் வழிகிறதா என்று மகள் பார்த்துக்கொண்டாள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

24 டிசம்பர் 2023, ஞாயிறு

பின் டிரம். கழல மறுத்தது. ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டித்தான் வந்தது. உள்ளே கறுத்த தூள், ஓரமெல்லாம் செம்பழுப்புத் துரு. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும். அந்தத் தூளை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்க விடுவதும் நுரையீரலுக்குச் செய்கிற துரோகம். ஷெட்டுகளில் பையன்கள் தினமும் அப்படித்தான் ஊதுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி வைத்தேன்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கியதும் ஆயில் கசிந்து வந்தது. அதுதான் பெடல் இறங்கியதற்குக் காரணம். இரு பக்கமும் புதிது மாட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் ஒரு சக்கரம் முந்திப் பிடித்து வண்டியை இழுக்கும். ஸ்பிரிங் எது எந்தத் துளையில் இருந்தது என்று தெரிய, ஒரு பக்கத்தை முழுவதும் மாட்டி முடிக்கும்வரை மறுபக்கத்தை அவிழ்க்கவில்லை.

30 டிசம்பர் 2023, சனி

பூஸ்டர் வேலைக்கு மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். பெடல் தாங்கி, மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் மூன்றையும் ஒரே மாடலின் ஜோடியாக வாங்கியிருந்ததைப் பார்த்து, "இதான் சார் சரி. ஆளாளுக்கு ஒரு வண்டி சாமானைப் போட்டுட்டு அப்புறம் பிரேக் ஜாம்னு வருவாங்க" என்றார். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடுக்கு இம்மி இடைவெளி விட்டாக வேண்டும். இல்லையென்றால் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கே அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடம்தான் பூஸ்டருக்கு உணவு. டயஃப்ரத்தின் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் நாம் மிதிக்கும்போது புகும் வெளிக்காற்று. அந்த அழுத்த வித்தியாசம் நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. எஞ்சின் ஆஃப் ஆனாலும் ஓரிரு மிதிக்கு வெற்றிடம் தங்கும்படி நடுவில் ஒருவழி வால்வு.

"பூஸ்டர் போட்டா பிரேக் ஜாஸ்தி பிடிக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். காலுக்குத்தான் சுளுவு. ரோட்டைப் பிடிக்கிறது டயருதான்" என்றார். மகள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். டயரையும் பார்த்தோம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் இருந்தாலும் ரப்பர் முதுமையில் இறுகிவிட்டது. நான்குக்கும் புதிது சொல்லிவிட்டேன்.

31 டிசம்பர் 2023, ஞாயிறு

ஏர் எடுக்கும் நாள். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் காலின் பலம் அந்தக் குமிழியை அமுக்கவே செலவாகிவிடும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். மகள் பெடலில், நான் சக்கரத்தடியில். "அழுத்து", "பிடிச்சுக்கோ", நிப்பிளைத் திறந்து மூடி, "விடு". கண்ணாடிக் குழாய் வழியாக முதலில் காப்பி நிறத்தில் பழைய ஆயில், அப்புறம் நுரை, கடைசியில் தெளிந்த மஞ்சள். டப்பா வற்றாமல் இடையிடையே ஊற்றினேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலை ஒட்டிய நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்! புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230-உம் 155-உம். கொதித்தால் ஆவிக்குமிழி, அப்போது பெடல் தரையைத் தொடும். ஏற்காடு இறக்கத்தில் பிரேக் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிந்ததும் பூஸ்டர் சோதனை. எஞ்சினை அணைத்துப் பெடல் இறுகும் வரை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தோம். பெடல் மெல்லக் கீழிறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது!

பழைய ஆயிலைப் பாட்டிலில் அடைத்து ஷெட்டில் கொடுக்க வைத்திருக்கிறேன். எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் போகும்.

6 ஜனவரி 2024, சனி

புது டயர் மாட்டி, விடிகாலையில் கொட்டிவாக்கம் தாண்டி ஈ.சி.ஆரில் பேட் பதிய வைத்தோம். பின்னால் யாரும் வராதபோது ஐம்பதிலிருந்து பத்துக்கு நிதானமாகக் குறைப்பது, நிற்காமல் மறுபடி வேகமெடுப்பது, நடுவில் ஆறவிடுவது. பேட்டும் டிஸ்க்கும் முழுப் பரப்பில் ஒன்றையொன்று அறிந்துகொள்ள இது தேவை. சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தி நிறுத்தி வைக்கக்கூடாது. வண்டி நேராக நிற்கிறது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. திரும்பி வந்து அபார்ட்மெண்ட் சரிவில் ஹேண்ட் பிரேக்கையும் சோதித்தேன்.

பிறகு மகளோடு கணக்குப் போட்டேன். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக்கோடு 40 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடியில் இன்னொரு 11 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 20. வேகம் 60 என்றால் 20-உம் 17-உம் சேர்ந்து 37. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. மழையில் 60-இல் பிரேக் தூரம் மட்டுமே 35 மீட்டரைத் தொடும். இதில் பூஸ்டரால் மாற்ற முடியாத எண்கள் பல. வேகம் நம் கையில் மட்டும்தான் இருக்கிறது.

7 ஜனவரி 2024, ஞாயிறு

அவள் ஓட்ட, அம்மாவும் நானும் லஸ் வரை போய்வந்தோம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சுருக்கிய ரோடு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு நடைபாதை இல்லை. கூடையோடு பூக்காரம்மா, கச்சேரி முடிந்து வரும் முதியவர்கள், சைக்கிளில் பேப்பர் போடும் பையன், எல்லாரும் எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால். 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். நம் பழைய வண்டிகளுக்கு அது கிடையாது. இருக்கிற பிரேக்கை முழு ஆரோக்கியத்தோடு வைத்திருப்பது ஒன்றுதான் நம்மால் ஆனது.

காருக்குள் இருப்பவருக்குத் தகடும் பெல்ட்டும் காவல். வெளியில் நடப்பவருக்கு நம் பிரேக்கை விட்டால் வேறு காவல் இல்லை. அதனால் பிரேக்கைச் செலவு மிச்சம் பிடிக்கும் இடமாக நினைப்பது அடுத்தவர் உயிரில் மிச்சம் பிடிப்பதாகும். பூஸ்டருக்குப் பணம் இல்லாதவர்கூடப் புது ஆயில், இறுகாத காலிப்பர் பின், கசியாத சிலிண்டர் மூன்றையும் வைத்துக்கொள்ள முடியும். என் வண்டியில் பெரும்பாலான மாற்றம் அந்த மூன்றிலிருந்து வந்ததுதான்.

வெள்ளத்தில் நின்ற கார்கள் இந்த அபார்ட்மெண்ட்டிலேயே இன்னும் பல உண்டு. கீழ்வீட்டு மாமா தன் காரின் டிரம்மைத் திறந்தே பார்க்கவில்லை என்றார். பொங்கல் கழிந்த ஞாயிறு அவர் வண்டியைத் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜாக் ஸ்டாண்டும் கண்ணாடிக் குழாயும் என்னிடம் இருக்கின்றன. வீல் சிலிண்டரும் ஆயிலும் அவர் வாங்கி வர வேண்டும். பெடலை அழுத்த மகள் வருகிறாள்.