அமிர்தி வழியே ஒரு கோடை விழாப் பயணம்

தேர்வுகள் முடிந்து பள்ளிகள் அடைக்கப்பட்டதும் நம் பங்குகளில் பாடற்குழுவினரும் இளைஞரும் எழுப்பும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகிறோம்?" என்பதாகும். திருத்தலங்களுக்குப் பலமுறை சென்று வந்தவர்கள், ஆண்டு முழுவதும் பீடத்தருகே நின்று பாடிய பிள்ளைகளுக்குப் பிறருடைய பாட்டையும் ஆட்டத்தையும் ஒருநாள் காட்டி வரலாமே என்று எண்ணுவது இயல்பே. வேலூரைச் சுற்றியுள்ள பங்குகளுக்கு அவ்வாய்ப்பு மிக அருகிலேயே இருக்கின்றது. அமிர்தியைக் கண்டு, மேலே ஜமுனாமரத்தூரில் நடைபெறும் ஜவ்வாது மலைக் கோடை விழாவுக்குச் சென்று வரும் பயணமே அது. முதன்முறை செல்லும் இல்லங்களுக்கு உதவும் பொருட்டு, அப்பயணத்தைத் திட்டமிடும் முறையையும் அதன் செலவையும் இங்கே காண்போம்.

மேனாடுகளில் கோடையே இசைவிழாக்களின் காலம். ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரின் விழா 1920ஆம் ஆண்டு தொடங்கியது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி அருகே ஒரு பால்பண்ணையில் 1970ஆம் ஆண்டு நடந்த முதல் விழாவுக்குக் கட்டணம் ஒரே ஒரு பவுன்; பண்ணைப் பாலும் இலவசமாகக் கிடைத்தது. இன்றோ அவ்விழாவின் நுழைவுச் சீட்டு முந்நூறு பவுனைத் தாண்டிவிட்டது. நம் நாட்டில் மார்கழியே இசைப் பருவம். 1927ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டிக் கூடிய இசை மாநாட்டின் பயனாக, மறு ஆண்டில் மியூசிக் அகாதெமி தோன்றியது. சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளியில் விழா எடுப்பது அரிது. ஆகவே உதகை, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என மலைகளின்மீதே அரசு கோடை விழாக்களை நடத்துகின்றது. ஜவ்வாது மலையின் விழாவும் அவ்வரிசையில் வந்ததே. இது பொதுமக்களுக்காக அரசு எடுக்கும் விழா. எனவே நமக்குச் செலவு பாட்டைக் கேட்பதில் இல்லை. பாதையிலும் உணவிலுமே இருக்கின்றது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. அதன் வடக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அமிர்தி. கணியம்பாடியைக் கடந்து செல்லும்போதே காற்றின் வெப்பம் தணிவதை உணரலாம். 1967ஆம் ஆண்டு வனத்துறை இங்கே அமைத்த சிறு விலங்குக் காட்சிச்சாலையில் புள்ளிமான்களும் மயில்களும் முதலைகளும் கிளிகளும் பிள்ளைகளை ஈர்க்கும். காட்டிற்குள் சற்று நடந்தால் அருவி உண்டு. ஆனால் அருவியை நம்பிக் கோடையில் செல்வோர் ஏமாற்றமடைவர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னரே அது நிறைந்து விழும். ஆதலால் அருவிக் குளியல் என்று பிள்ளைகளுக்கு வாக்களிக்காமல், மரநிழலும் மானும் காணப் போகிறோம் என்று சொல்லி அழைத்துச் செல்வதே முறை.

அமிர்தியிலிருந்து மலைச்சாலை வழியே மேலேறினால் திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூரை அடையலாம். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வேறு சாலைகள் உண்டு. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறினர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பெயர் மலையாளி என்றாலும் அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலையின் விளைபொருள்கள். விழா நாட்களில் மலைமக்களின் ஆடல் பாடலும், பள்ளிப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சிகளும், பல துறையினர் அமைக்கும் கண்காட்சிகளும் நடைபெறும். மலைமீதே காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் உள்ளது. அதன் பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதைக் காண விரும்புவோர் பொதுமக்களுக்குரிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதலாவது, நாள். இவ்விழாவின் தேதி ஆண்டுதோறும் மாறக்கூடியது. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வெளிவந்த பின்னரே வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். விழா பெரும்பாலும் வார இறுதியில் அமையும். ஆகவே சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேனும் ஞாயிறு அதிகாலைத் திருப்பலியிலேனும் பங்குபெற்ற பின் புறப்படுமாறு நேரத்தை வகுத்துக்கொள்க. பங்குத்தந்தையிடம் ஒரு சொல் முன்னரே சொல்லிவைத்தால் வழி பிறக்கும்.

இரண்டாவது, வண்டி. வாடகை குறைவு என்பதற்காகச் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் நம் சிற்றூர்களில் மறையவில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இதே ஜவ்வாது மலையில், கோவில் விழாவுக்குச் சென்ற மலைமக்களின் சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. வாடகைக்கு ஓடுவதற்குரிய மஞ்சள் எண்பலகையும், தகுதிச் சான்றும், காப்பீடும் உள்ள பயணிகள் வண்டியையே அமர்த்துக. மலைச்சாலையில் பழகிய ஓட்டுநர் வேண்டும். பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும். மேடையில் எத்தனை இனிய பாட்டு நடந்தாலும் இவ்விதியைத் தளர்த்தக் கூடாது. இரவு நிகழ்ச்சியையும் காண வேண்டுமெனில் மலையிலேயே தங்கத்தான் வேண்டும். அப்போது தங்குமிடத்தை முன்பே உறுதி செய்து, அச்செலவைத் தனியே சேர்த்துக்கொள்க.

மூன்றாவது, செலவு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்னும் உவமையை ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம். கீழ்வருவது மாதிரிக் கணக்கே. வாடகையும் விலையும் ஊருக்கு ஊர் மாறும்.

பாடற்குழுவினரும் பெற்றோருமாக 20 பேர். ஓட்டுநரையும் உணவில் சேர்த்தால் 21. காலையில் சென்று மாலையில் திரும்பும் ஒருநாள் பயணம். வண்டி வாடகையும் ஓட்டுநர் படியும் ரூ. 9,000 என்க. வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் இட்டலிக்கு ஆளுக்கு 40 வீதம் ரூ. 840. மலைமீது மதிய உணவு ஆளுக்கு 120 வீதம் ரூ. 2,520. மாலைத் தேநீரும் சிற்றுண்டியும் ஆளுக்கு 30 வீதம் ரூ. 630. அமிர்தி நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் முதலியன ரூ. 600. ஆகக் கூடுதல் ரூ. 13,590. எதிர்பாராச் செலவுக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு, அதாவது ரூ. 1,410 சேர்த்தால் மொத்தம் ரூ. 15,000. இருபது பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ரூ. 750. ஜனவரியில் தொடங்கி மே வரை மாதம் 150 வீதம் சேமித்தாலும் இத்தொகை சேர்ந்துவிடும்.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆளுக்கு 750 என்பது ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் நால்வர் உள்ள ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது 3,000 ரூபாய். பள்ளி திறக்கும் மாதத்துக்குச் சற்று முன்னர் எடுத்து வைக்க வேண்டிய 3,000 ரூபாய். "ஆளுக்கு 750 கொண்டு வாருங்கள்" என்று கோவில் வாசலில் அறிவித்தவுடன், இரண்டு மூன்று பிள்ளைகள் பாடற்பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுவதை நம் பங்குகளில் காணலாம். கேட்டால், பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்பார்கள். உடல் நலமில்லை என்பார்கள். பணமில்லை என்று ஒரு பிள்ளையும் சொல்வதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே குரலாய்ப் பாடிய குழு, ஒரு நாள் மகிழ்ச்சிக்காகச் செலுத்தக்கூடியவர், செலுத்த இயலாதவர் என இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. அப்பிரிவு பயணம் முடிந்த பின்னும் நீடிக்கும்.

இதற்கு மாற்று உண்டு. தலைக்கு இவ்வளவு என்று அறிவிக்காமல், பயணத்துக்கு மொத்தம் 15,000 ரூபாய் தேவை என்று மட்டும் அறிவிக்கலாம். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரே மாதிரியான உறை ஒன்றைக் கொடுத்து, இயன்றதை இட்டு, பெயர் எழுதாமல் ஒட்டித் தரச் சொல்லலாம். எல்லா உறைகளையும் ஒரே பெட்டியில் இடச் செய்து, பொறுப்பாளர் இருவர் ஒன்றாக அமர்ந்து எண்ணட்டும். எவர் எவ்வளவு தந்தார் என்பது எண்ணுகிறவருக்கும் தெரியாது. தொகை நிறைந்தால் வண்டி அமர்த்துவோம். நிறையாவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டாம்; திட்டத்தைக் குறைப்போம். அரசுப் பேருந்தில் அமிர்தி வரை மட்டும் சென்று, கட்டுச்சோற்றை மரநிழலில் பகிர்ந்துண்டு, பிள்ளைகளே பாடி, மாலையில் திரும்பலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021ஆம் ஆண்டில் தொடங்கியது. குழுவில் பெண்பிள்ளைகளும் அன்னையரும் மிகுதியாயின் இச்செலவு மேலும் சுருங்கும். மேலே நடக்கும் விழாவை அடுத்த ஆண்டு காணலாம். எல்லாரும் சேர்ந்து சென்ற சிறு பயணம், சிலரை விட்டுச் சென்ற பெரும் பயணத்தைவிட நன்று.

கூட்டத்தில் செல்வோர் ஆட்களை எண்ணவும் மறக்கலாகாது. எருசலேம் விழாவுக்குச் சென்று திரும்பிய திருக்குடும்பத்தின் கதை நாம் அறிந்ததே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடன்வருவோர் கூட்டத்தில் இருப்பதாக எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒருநாள் வழி நடந்தனர். பின்னர் மூன்று நாள் துயரத்துடன் தேடினர். அத்தகைய பெற்றோருக்கே நேர்ந்தது நமக்கு நேராதா? ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் எனப் பகுத்து, வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுக. மலைமீது பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. ஆகவே பிரிந்தோர் வந்து சேரவேண்டிய இடம் ஒன்றை முதலிலேயே குறித்துக்கொள்க. குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வளைவுச் சாலையில் குமட்டலுக்கு எலுமிச்சை, வழக்கமாக மருந்துண்போரின் மாத்திரைகள், மாலைக் குளிருக்கு ஒரு போர்வை ஆகியவை பையில் இருக்கட்டும்.

இறுதியாக, நாம் விருந்தினர் என்னும் நினைவு வேண்டும். விழா நடப்பது மலைமக்களின் ஊரில். மதிய உணவை அங்குள்ளவரிடமே விலை கொடுத்து உண்பதும், தேனும் சாமையும் வாங்கும்போது இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதிருப்பதும் நம் கடன். அவர்கள் ஆடும்போது சிரிப்பதும், கேளாமல் படமெடுப்பதும் தகாது. அமிர்தி ஓடையின் நீர் நாகநதியைச் சேர்கின்றது. வறண்டு கிடந்த அந்நதியை மீட்க வேலூர் மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரவர், நிலத்தடியில் நீர் சேரும் கிணறுகளைத் தம் கைகளால் அமைத்தனர். அவர்கள் உழைப்பின் தலைமாட்டில் நாம் நெகிழிப் பைகளை எறிந்து வரலாமா? ஐயாயிரம் பேர் உண்ட பின்னும் மீந்த துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னவரின் சீடர்கள் நாம். கொண்டு சென்ற பைகளையும் தட்டுகளையும் ஒரு சாக்கில் திரட்டி வேலூருக்கே திருப்பிக் கொண்டு வருவோம்.

ஆகவே, இவ்வாண்டு பயணம் செல்ல எண்ணும் பாடற்குழுக்கள் ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் ஒன்றாய் அமரட்டும். கணக்கேட்டைத் திறந்ததும் வண்டி வாடகையை எழுதவேண்டாம். குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முதலில் எழுதுங்கள். அப்பெயர்களில் ஒன்றும் விடுபடாதபடி எவ்வளவு தூரம் செல்ல இயலுமோ, அவ்வளவு தூரம் செல்லுங்கள். அது அமிர்தி வரைதான் என்றாலும் போதும்.